முதல் சிம்பொனி

அன்புள்ள ஆசிரியருக்கு,

அலுவலகத் தோழியால் போக முடியாததால் ஒரு ஆர்கெஸ்ட்ரா கச்சேரியின் டிக்கெட் என் கைக்கு வந்துவிட்டது. முதலில் மெண்டல்சனின் வயலின் கன்செர்டோ, இடைவேளைக்குப் பிறகு துவோர்ஷாக்கின் ஒன்பதாவது சிம்பொனி. சினிமாப் பாட்டைத் தாண்டி எனக்கு எந்த இசையும் தெரியாது. தப்பான இடத்தில் கை தட்டி நாலு பேர் திரும்பிப் பார்த்தால் மானம் போய்விடும். யூடியூபில் பத்துத் தடவை கேட்டுவிட்டுப் போக வேண்டுமா? நடுவில் தூங்கிவிட்டால்? சிரிக்காமல் பதில் சொல்லுங்கள்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சிரிக்கவில்லை, பொறாமைப்படுகிறேன். இந்த இரண்டையும் முதல்முறையாகக் கேட்கும் வாய்ப்பு எனக்கு இனி இல்லை.

கை தட்டல் விவகாரத்தை முதலில் முடித்துவிடுவோம். சிம்பொனி என்பது ஆர்கெஸ்ட்ரா முழுவதற்குமாக எழுதிய நீண்ட படைப்பு. அதில் பெரும்பாலும் நான்கு பகுதிகள் இருக்கும். நடுவே இசை நின்றாலும் கடைசிப் பகுதி முடியும்வரை தட்டக் கூடாது என்பது இன்றைய வழக்கம். ஆதியிலிருந்து அப்படி இல்லை. 1778இல் பாரிஸில் தன் சிம்பொனி நடந்துகொண்டிருக்கும்போதே ஜனங்கள் கை தட்டினார்கள் என்று மொசார்ட் அப்பாவுக்குச் சந்தோஷமாக எழுதியிருக்கிறார். தப்பாகத் தட்டிவிட்டால் மொசார்ட் காலத்து ரசிகை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

மெண்டல்சன் எப்படியும் உங்களை மாட்டிவிட மாட்டார். கன்செர்டோ என்றால் தனி வாத்தியக்காரர் ஒருவர் ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து வாசிப்பது. 1845இல் அரங்கேறிய அந்தக் கன்செர்டோவின் மூன்று பகுதிகளும் நிற்காமல் ஓடும். முதல் பகுதி ஆரவாரமாக முடிகிற இடத்தில் பசூன் என்ற நீளமான மரக்குழல் வாத்தியம் ஒன்று மட்டும் தன் சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். அதைப் பற்றிக்கொண்டுதான் இரண்டாம் பகுதி தொடங்குகிறது. நீங்கள் தட்ட இடமே கிடைக்காது. துவோர்ஷாக்கிடம்தான் ஜாக்கிரதை வேண்டும். முதல் பகுதியின் முடிவில் கை பரபரக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். கடைசிப் பகுதியில் ஆர்கெஸ்ட்ரா முழுவதும் முழங்கி ஓய்ந்த மாதிரி இருக்கும்போது, காற்று வாத்தியங்கள் மட்டும் நீண்டு, தேய்ந்து தேய்ந்து அடங்கும். அதன்மேல் தட்டிவிடாதீர்கள். ஆர்கெஸ்ட்ராவின் முன்னால் நின்று கையசைத்து வழிநடத்தும் நடத்துநர் கையை முழுவதும் இறக்கட்டும்.

பத்துத் தடவையெல்லாம் வேண்டாம். ஒரு முறை கேளுங்கள், போதும். ரொம்பப் பழகிவிட்டால் கேட்ட பதிவோடு சரிபார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்போம். ஆனால் கச்சேரியில் கண்ணை மூடிக்கொண்டு கேட்காதீர்கள். இசையென்றால் கண்ணை மூடிக் கரைய வேண்டும் என்று ஒரு பாவனை இருக்கிறது. முதல் தடவை போகிறவருக்கு அதைவிடக் கெட்ட யோசனை கிடையாது. பதிவில் எல்லாம் ஒரே குழம்பாகத்தான் வரும். மேடையில் யார் வில்லை எடுக்கிறார்கள், யார் மூச்சை இழுக்கிறார்கள் என்று பார்க்கும்போதுதான் காது அந்தக் குரலைத் தனியே பிரித்தெடுக்கும். ஆரம்பத்தில் ஓபோ என்ற மரக்குழல் வாத்தியம் ஒரு சுரத்தைக் கொடுக்க மற்றவர்கள் சுருதி சேர்ப்பார்களே, அதிலிருந்தே பார்க்கத் தொடங்குங்கள். நடத்துநரின் கை சத்தத்துக்கு ஒரு நொடித் துணுக்கு முன்னால் போகும். அது பழகிவிட்டால் அடுத்து யாருடைய முறை என்று நீங்களே ஊகிக்க ஆரம்பித்துவிடுவீர்கள்.

வாசிக்காமல் இருப்பவர்களையும் பாருங்கள். துவோர்ஷாக்கின் இந்தச் சிம்பொனியில் டூபா என்ற பெரிய பித்தளை வாத்தியத்தை வாசிப்பவருக்கு இரண்டாம் பகுதியில் மட்டும்தான் வேலை, அதுவும் சில சுரங்கள். மற்ற மூன்று பகுதிகளிலும் சும்மா உட்கார்ந்திருப்பார். சிம்பல் என்ற பெரிய ஜால்ராவுக்கு இன்னும் மோசம்: நான்காம் பகுதியில் ஒரே ஒரு தட்டு, அதுவும் மெதுவாக. கவனிக்காவிட்டால் தவறிப்போகும். அதற்காக ஒரு மனிதர் எழுந்து, எண்ணிக்கொண்டு நிற்பதைப் பார்க்கப் பார்க்க எனக்கே வியர்க்கும்.

இரண்டாம் பகுதியை மட்டும் எதற்காகவும் விட்டுவிடாதீர்கள். பித்தளை வாத்தியங்கள் தணிந்த குரலில் தொடங்கிவைக்க, ஓபோக்களின் பக்கத்திலிருந்து, ஓபோவைவிடத் தணிந்த குரல் கொண்ட இங்கிலீஷ் ஹார்ன் அந்தப் புகழ்பெற்ற மெட்டை எடுக்கும். வேறெங்கோ கேட்ட மாதிரி இருக்கும். முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் அதே மெட்டு தந்தி வாத்தியங்களுக்கு வரும்போது பார்த்தால், அத்தனை பேரில் சிலர்தான் வாசித்துக்கொண்டிருப்பார்கள். மெட்டும் பாதியில் நின்று, மறுபடி எடுத்து, மறுபடி நிற்கும். அந்த மௌனத்தில் இருமிவிடாமல் இருப்பதுதான் ரசிகருக்கு உண்மையான பரீட்சை. இவ்வளவு மெல்லிய ஓசையை யூடியூப் தராது. போனில் கேட்டால் அந்த இடத்தில் சத்தத்தைக் கூட்டத்தான் தோன்றும்.

தூக்கமா? வந்தால் தூங்குங்கள், குறட்டை வராமல் இருந்தால் சரி. புரியவில்லையே என்ற கவலையும் வேண்டாம். சினிமாப் பாட்டில் பின்னணி வயலின்களைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இது அவ்வளவு அந்நியமில்லை.

அப்புறம் ஒரு விஷயம். நேரத்துக்கு அரை மணி முன்பே போய்விடுங்கள். தாமதமாக வருபவர்களை ஏதாவது இடைவெளி வரும்போதுதான் உள்ளே விடுவார்கள். கன்செர்டோவில் இடைவெளியே கிடையாது. போதாக்குறைக்கு வயலின்காரர் இரண்டாவது வினாடியிலேயே ஆரம்பித்துவிடுவார். ஐந்து நிமிடம் பிந்தினால் மெண்டல்சன் முழுவதும் கதவுக்கு வெளியேதான்.