பத்திரிகைக் கடைக்காரர் மகள் தமிழ் படிக்கலாமா?

அண்ணாச்சி, போன சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு வந்தபோது நீங்கள் சொன்ன ஒரு வார்த்தை இன்னும் மனசைவிட்டுப் போகவில்லை. "நான் வித்துத் தீராத பத்திரிகையில இவ எழுதப் போறேன்னு நிக்கா, சார்." பிளஸ் டூ மார்க் ஷீட்டை மடியில் வைத்துக்கொண்டு பிள்ளை தலைகுனிந்தே இருந்தாள். அன்றைக்கு வெளியே ஆட்கள் காத்திருந்ததால் முழுசாகப் பேச முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் பயம் நியாயமானது. நாகர்கோவில் வடசேரியில் உங்கள் கடையை இருபது வருடமாகப் பார்க்கிறேன். கயிறு கட்டி, கிளிப் மாட்டி, வார இதழ்களை வரிசையாகத் தொங்கவிட்டிருப்பீர்கள். பஸ் பிடிக்க ஓடுகிறவர்கூட ஒரு நிமிடம் நின்று அட்டையைப் பார்ப்பார். இப்போது அதே கயிற்றில் சிப்ஸ் பாக்கெட்டும் செல்போன் கவரும் தொங்குகின்றன. வருகிற நாலைந்து இதழிலும் பாதி, விற்காமல் திருப்பி அனுப்புகிற ரிட்டர்ன் கட்டுக்குள் போய்விடுகிறது. இதைத் தினமும் கையால் எண்ணுகிறவர் நீங்கள். உங்களிடம் நான் பூசி மெழுக முடியாது.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் ஒரு வார இதழை ஆட்கள் எதற்காக வாங்கினார்கள்? ஒருவர் தொடர்கதைக்கு, ஒருவர் ஜோக்குக்கு, வீட்டில் அம்மா சமையல் குறிப்புக்கு, பாட்டி ராசிபலனுக்கு. எல்லாவற்றையும் ஒரே அட்டைக்குள் தைத்து ஒரே விலைக்கு விற்றார்கள். அந்தத் தையல்தான் பிரிந்துபோனது. தொடர்கதையின் இடத்தை டிவி சீரியல் முதலிலேயே பிடித்துக்கொண்டது. 2016-க்குப் பிறகு டேட்டா மலிந்ததும் ஜோக் வாட்ஸ்அப்புக்கும் சமையல் யூடியூபுக்கும் போயின. விளம்பரமும் பின்னாலேயே போனது. 1941-இல் தொடங்கிய 'கல்கி' 2020 ஊரடங்குக் காலத்தில் அச்சை நிறுத்திவிட்டு இணையத்துக்கு மாறியது உங்களுக்கே தெரியும்.

பிரிந்துபோன ஒவ்வொரு துண்டுக்கும் இன்றைக்கும் எழுதுகிற ஆள் வேண்டும். சீரியலுக்கு வசனம் எழுத வேண்டும். சமையல் வீடியோவுக்கும் பேச்சை யாரோ எழுதித்தான் கொடுக்கிறார்கள். ஒலிப்புத்தகத்துக்கு நாவலைப் பிழையில்லாமல் வாசித்துச் சரிபார்க்க வேண்டும். செய்தித் தளங்களில் ராத்திரி இரண்டு மணிக்கும் ஒருவர் உட்கார்ந்து தலைப்பைத் திருத்திக்கொண்டிருக்கிறார். உங்கள் கடைக்கு வந்துகொண்டிருந்த வேலை பல வாசல் வழியாகப் பிரிந்துபோயிருக்கிறது. மகள் அந்த வாசல்களில் ஒன்றைத்தான் தேடுகிறாள்.

மறைக்காமல் சொல்கிறேன்: தொடக்கச் சம்பளம் குறைவு. சென்னையில் ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் கொடுத்தால் முதல் ஒன்றிரண்டு வருடம் வீட்டுக்கு ஒன்றும் அனுப்ப முடியாமல் போகலாம். பொத்தாம்பொதுவாக நாலு பத்தி எழுதுகிற வேலையை இப்போது செயற்கை நுண்ணறிவே செய்துவிடுகிறது. அது எழுதுகிற தமிழில் ஒற்று விழும், சொல் வரிசை இடறும், ஊர்ப் பெயர் மாறும். அதைக் கண்ணில் பட்டதும் பிடிக்கிறவருக்குத்தான் இனி மதிப்பு. அதனால் 'எழுத்தாளர் ஆகப் போகிறேன்' என்பதோடு நிற்காமல், மெய்ப்புப் பார்க்கவும் (அச்சாகும் முன் பிழை திருத்தவும்) பிரதியைச் செம்மைப்படுத்தவும் அவள் கற்றுக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, நம் குமரி மாவட்டத்துப் பிள்ளைகள் கையில் வைத்துக்கொண்டே மறந்துவிடுகிற சொத்து: மலையாளம். உங்கள் வீட்டுக்காரியின் ஊர் கேரள எல்லையில், களியக்காவிளைப் பக்கம் என்றீர்கள். பிள்ளை அம்மச்சியோடு மலையாளம் பேசுகிறாள், எழுத்துத்தான் தெரியாது. ஒரு விடுமுறையில் எழுத்தைப் பிடித்துவிடலாம். மலையாளப் புத்தகங்கள் தமிழுக்கு வந்துகொண்டே இருக்கின்றன. ஓடிடியில் வரும் மலையாளப் படங்களுக்குத் தமிழ் டப்பிங்கும் சப்டைட்டிலும் வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்க நிறையப் பேர் இருக்கிறார்கள். மலையாளத்திலிருந்து நேரடியாகச் செய்ய அத்தனை பேர் இல்லை.

இனி படிப்பு. லட்சக்கணக்கில் பணம் கட்டி வெளியூரில் மீடியா கோர்ஸில் சேர்க்க இப்போதே கடன் வாங்காதீர்கள், அண்ணாச்சி. இதை அழுத்திச் சொல்கிறேன். நாகர்கோவில் கல்லூரி ஒன்றிலேயே பி.ஏ. தமிழ் சேரட்டும், வீட்டுச் சாப்பாடு, பஸ் பாஸ். இதழியல்தான் வேண்டுமென்று மூன்று வருடம் கழித்தும் நின்றால், திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலோ சென்னைப் பல்கலைக்கழகத்திலோ முதுகலை படிக்கலாம். படிக்கும்போதே விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். நூலகத்தில் ஆசை வந்தால் ஏதாவது ஒரு பட்டம் முடித்தபின் நூலக அறிவியல் படிக்கலாம். இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் அஞ்சல் வழியிலும் இருக்கிறது.

கூடவே டைப்ரைட்டிங். தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் லோயர், ஹையர் முடித்தால் குரூப் 4 தட்டச்சர் பணிக்கும் அது கைகொடுக்கும். உங்களுக்கு ராத்திரி தூக்கம் வர அந்தச் சான்றிதழ் ஒன்று போதும் என்று நினைக்கிறேன். கம்ப்யூட்டரில் தமிழ்99 விசைப்பலகையையும், எந்தக் கம்ப்யூட்டரிலும் போனிலும் படிக்க முடிகிற யூனிகோடு எழுத்தையும் தனியாகப் பழக வேண்டும். பழைய இதழ்கள் பலவும் யூனிகோடுக்கு முந்தைய கம்ப்யூட்டர் எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. அப்படியே இணையத்தில் ஒட்டினால் ஒரு எழுத்தும் புரியாது. மாற்றினாலும் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும். அதை வரிக்கு வரி உட்கார்ந்து திருத்தப் பொறுமையுள்ள ஆட்களைப் பதிப்பகங்கள் தேடுகின்றன. அதற்குச் சென்னைக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. எழுத்தாளர் சுந்தர ராமசாமி 1988-இல் 'காலச்சுவடு' இதழைத் தொடங்கியது இந்த நாகர்கோவிலில்தான். அந்தப் பெயரிலேயே பெரிய பதிப்பகமும் இங்கே வளர்ந்தது.

மக்களே, இனி உனக்கு. நீ எழுதிய கவிதை நோட்டை நான் வாசித்தேன். நன்றாக இருக்கிறது, அதை நிறுத்தாதே. ஆனால் கல்லூரி திறக்கும் வரை ஒரு வேலை தருகிறேன். அப்பா கடையில் ரிட்டர்ன் கட்டுகிறபோது ஒரு பழைய இதழைக் கேட்டு வாங்கிக்கொள். தினமும் ஒரு பக்கத்தை யூனிகோடில் அடி. அச்சில் இருக்கும் பிழையைச் சிவப்பு மையால் இதழிலேயே சுழி. நீ அடித்ததில் இருக்கும் பிழையைத் தனித்தாளில் எழுது. பிறகு அதே பக்கத்தின் சாரத்தை, செல்போனில் வாசிக்கிறவருக்காக நூறு சொல்லில் எழுது.

முப்பது பக்கம் ஆனதும் அப்பாவோடு வா. கடை அடைக்கிற ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தால் போதும், அன்றைக்கு வேறு யாருக்கும் நேரம் கொடுக்க மாட்டேன்.