கண் அளவு செல்லாத வேலை: விமான மெக்கானிக் ஆக நினைக்கும் மகனின் அப்பாவுக்கு

வணக்கம் ஐயா.

சனிக்கிழமை நீங்களும் தம்பியும் வந்தபோது வெளியே ஆறு பேர் காத்திருந்தார்கள், நிதானமாகப் பேச முடியவில்லை. நீங்கள் கேட்டது ஒரே கேள்விதான்: "விமான மெக்கானிக் ஆகறதுக்கு அடிப்படையா என்ன தெரிஞ்சிருக்கணும்?" அதற்கு ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்ப மனம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கிளம்பும்போது வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா? "சத்தத்த வச்சே கோளாறு எங்கன்னு சொல்லிடுவான் சார். ஸ்பேனர் எடுக்க நம்பர்கூட பாக்க மாட்டான், எல்லாம் கண் அளவுதான்." இரு சக்கர வாகனப் பட்டறை வைத்திருக்கும் அப்பாவுக்கு அந்தப் பெருமை இருக்கத்தான் செய்யும். அந்தக் காது அவனுக்கு ஹேங்கரிலும், அதாவது விமானத்தை நிறுத்திப் பழுது பார்க்கும் கூடத்திலும் உதவும். கண் அளவை மட்டும் பட்டறையிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். ஏன் என்று ஒரு சம்பவத்தைச் சொன்னால் புரியும்.

1990 ஜூன் 10. இங்கிலாந்தின் பர்மிங்காமிலிருந்து ஸ்பெயினின் மலாகாவுக்குக் கிளம்பியது பிரிட்டிஷ் ஏர்வேஸின் ஒரு விமானம். 17,300 அடி உயரத்தில் கேப்டனுக்கு முன்னால் இருந்த கண்ணாடி அப்படியே பிய்த்துக்கொண்டு போனது. உள்ளே இருந்த காற்றழுத்தம் கேப்டனை இடுப்புவரை வெளியே இழுத்துவிட்டது. ஊழியர்கள் அவர் காலைப் பிடித்துக்கொண்டே நிற்க, துணை விமானி சவுத்தாம்ப்டனில் இறக்கினார். உள்ளே இருந்த 87 பேரும் பிழைத்தார்கள், கேப்டனும்தான்.

காரணம் போல்ட். அந்தக் கண்ணாடியை முந்தைய நாள் விடிகாலை மாற்றியிருந்தார்கள். மாற்றியவர் கற்றுக்குட்டி இல்லை, அந்த ஷிஃப்டுக்கே மேலாளர், அனுபவசாலி. பாகங்களின் பட்டியல் புத்தகத்தைத் திறந்து நம்பர் பார்க்காமல், கழற்றிய பழைய போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதே மாதிரி இருந்ததைத் தேடி எடுத்தார். ஸ்டோரில் வெளிச்சம் போதவில்லை. மொத்தம் 90 போல்ட்டில் 84 போல்ட் இருக்க வேண்டிய விட்டத்தைவிட 0.026 அங்குலம் சிறியவை. மில்லிமீட்டரில் சொன்னால் 0.66, ஒரு ஏடிஎம் கார்டின் கனம்கூட வராது. மீதி ஆறு போல்ட் நீளம் குறைவு. இதில் இன்னொரு கூத்து: அவர் அளவுக்கு வைத்துப் பார்த்த பழைய போல்ட்டே சரியான போல்ட் இல்லை. முன்பு எவரோ தவறாகப் போட்டது, தெய்வாதீனமாகத் தாங்கிக்கொண்டிருந்தது.

நம் பட்டறையில் பழைய நட்டைக் காட்டி "இதே மாதிரி ஒண்ணு குடு" என்று கேட்பதில்லையா? அதேதான். அங்கே பழைய பாகத்தைப் பார்த்துப் புதிய பாகத்தை எடுக்கக் கூடாது. மேனுவலைப் பார்த்து, பார்ட் நம்பர் பார்த்து, அது எங்கிருந்து வந்தது என்ற பேப்பரையும் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். ஒரு சாதாரண வாஷருக்கும் இதே சட்டம். இந்த வேலைக்கான முதல் அறிவு இதுதான் என்பேன். கணக்கும் இயற்பியலும் அதற்கு அப்புறம்.

அப்புறம் என்றேனே தவிர, கணக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. தம்பி வேதியியலைவிடக் கணக்கில்தான் தடுமாறுகிறான் என்றீர்கள். பயப்பட வேண்டாம், நுண்கணிதத்தில் புலியாக இருக்கத் தேவையில்லை. ஆனால் பின்னம், தசமம், விகிதம், அலகு மாற்றம் இவை தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும். விமான உலகம் இன்னமும் அங்குலத்தையும் மில்லிமீட்டரையும், பவுண்டையும் கிலோவையும் கலந்து கட்டித்தான் ஓடுகிறது.

கனடாவில் 1983 ஜூலையில் நடந்ததைப் பாருங்கள். ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்றில் எரிபொருள் மீட்டர் வேலை செய்யவில்லை. டேங்கில் குச்சி விட்டு அளந்ததில் 7,682 லிட்டர் இருந்தது. பயணத்துக்குத் தேவை 22,300 கிலோ. லிட்டரைக் கிலோவாக மாற்ற 0.8ஐ ஒட்டிய எண்ணால் பெருக்க வேண்டும். பழக்கதோஷத்தில் 1.77 என்ற எண்ணால் பெருக்கிவிட்டார்கள். அது லிட்டரைப் பவுண்டாக மாற்றும் எண். விளைவு, 20,000 லிட்டருக்கு மேல் நிரப்ப வேண்டிய இடத்தில் 4,900 சொச்சம் லிட்டர் நிரப்பினார்கள். 41,000 அடியில் பறந்துகொண்டிருந்தபோது எரிபொருள் தீர்ந்து, இரண்டு இன்ஜினும் அடுத்தடுத்து நின்றன. கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்ட பழைய விமானப்படைத் தளத்தில் கிளைடர் போல மிதக்கவிட்டுத்தான் இறக்கினார்கள். எல்லாரும் தப்பித்தது விமானியின் கைவண்ணம்.

இந்தக் கணக்கைத் தம்பியிடம் கொடுத்துப் போடச் சொல்லுங்கள். எட்டாம் வகுப்புப் பெருக்கல்தான். எண்ணுக்குப் பின்னால் அலகை எழுதும் பழக்கம் இருக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். 7,682ஐ 1.77ஆல் பெருக்கி, விடைத்தாளில் "13,597" என்று மொட்டையாக எழுதுகிறவனுக்கு அரை மதிப்பெண் போகும். ஹேங்கரில் மொட்டையாக எழுதினால் என்ன ஆகும் என்பதற்குத்தான் இந்தக் கதை.

இயற்பியலில் விசை, அழுத்தம், திருப்புவிசை, வெப்ப விரிவு, பெர்னூலி போன்ற பாடங்கள் வரும். பள்ளிப் புத்தகத்தை ஒழுங்காகப் படித்திருந்தால் சமாளித்துவிடலாம். உலோகங்களைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்கிறேன். பட்டறையில் தகட்டில் அளவு குறிக்க ஊசியால் ஒரு கோடு கீறுவோம், இல்லாவிட்டால் பென்சிலால் போடுவோம். விமானத்தின் அலுமினியத் தகட்டில் இரண்டுமே கூடாது. ஊசி கீறிய இடத்தில்தான் நாளைக்கு வெடிப்பு தொடங்கும். பென்சிலில் இருப்பது கிராஃபைட், அது அலுமினியத்தோடு ஒட்டியிருந்து ஈரம் பட்டால் சின்ன பேட்டரி மாதிரி வேலை செய்து உலோகத்தை அரித்துவிடும். பிளஸ் டூ வேதியியலில் வரும் மின்வேதியியல் எதற்கென்று தம்பி கேட்டிருப்பான், இதற்குத்தான்.

வெடிப்பு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. விமானத்தின் உடல் ஒவ்வொரு முறை மேலே ஏறும்போதும் உள்ளழுத்தத்தால் பலூன் மாதிரி லேசாக விரியும், இறங்கினால் சுருங்கும். ஹவாய்த் தீவுகளுக்கு இடையே குட்டிக் குட்டிப் பயணமாக ஓடிய ஒரு அலோஹா ஏர்லைன்ஸ் விமானம் இப்படி 89,680 முறை விரிந்து சுருங்கியது. 1988 ஏப்ரலில் நடுவானில் அதன் மேற்கூரையில் 18 அடி நீளம் பிய்ந்து போனது. ஒரு பணிப்பெண் இறந்துபோனார். ரிவெட் ஓரத்தில் ஓடியிருந்த மயிரிழை வெடிப்புகளைச் சோதனை போட்டவர்கள் கண்டுபிடிக்கவில்லை. ஆயிரக்கணக்கான ரிவெட்டை ஒவ்வொன்றாக, பெரும்பாலும் ராத்திரியில், டார்ச் அடித்துப் பார்க்கும் வேலை அது. சலிப்பைத் தாங்கத் தெரியாதவனுக்கு இந்தத் தொழில் ஒத்துவராது. இதை மகனிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

மின்சாரம் தெரியாமல் இப்போது எந்த மெக்கானிக்கும் தப்ப முடியாது. ஓம் விதி, தொடர் இணைப்பு, பக்க இணைப்பு, மல்டிமீட்டர் பிடிப்பது, இவ்வளவு போதும் தொடங்குவதற்கு. வீட்டில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பெரிய விமானங்களில் வழக்கமாக 115 வோல்ட், 400 ஹெர்ட்ஸ். அதிர்வெண் கூடினால் மோட்டாரும் டிரான்ஸ்ஃபார்மரும் சின்னதாக, எடை குறைவாகச் செய்யலாம் என்பதுதான் காரணம். போகிற போக்கில் தம்பிக்கு நிறக்குறைபாடு இல்லை என்பதையும் ஒரு கண் மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். ஒயர் நிறத்தைப் பிரித்துப் பார்க்க முடியாவிட்டால் பின்னால் சங்கடம்.

நீங்கள் தயங்கித் தயங்கிக் கேட்ட இன்னொன்று ஆங்கிலம். தமிழ் வழியில் படித்த பையன் மேனுவலைப் படித்துவிடுவானா என்று. மேனுவல் ஆங்கிலம் நாம் பயப்படும் ஆங்கிலம் இல்லை ஐயா. உலகம் முழுக்க ஆங்கிலம் தாய்மொழி இல்லாத மெக்கானிக்குகள் படிக்க வேண்டும் என்பதற்காகவே எளிமைப்படுத்திய ஒரு தொழில்நுட்ப ஆங்கிலம் இருக்கிறது. தொழில்நுட்பப் பெயர்கள் தவிர, பொதுச்சொற்கள் சுமார் 900தான். ஒரு சொல்லுக்கு ஒரே பொருள். 'ஃபாலோ' என்றால் ஒன்றன் பின் ஒன்றாக வருவது மட்டும்தான், விதியைப் பின்பற்று என்பதற்கு 'ஒபே' என்றுதான் எழுத வேண்டும். கவிதை எழுத உதவாத ஆங்கிலம், ஆனால் குழப்பாது. ஒரு வருடம் தினமும் இரண்டு பக்கம் படித்தால் பழகிவிடும். பேச்சு ஆங்கிலம் வேறு, அது இன்டர்வியூவுக்கு வேண்டும். அதற்குத் தனியாக மெனக்கெட வேண்டும்.

இனி காசு விஷயம். நீங்கள் கொண்டு வந்த வண்ண நோட்டீஸில் "ஏரோநாட்டிக்கல்" என்று ஒரு பக்கம், "ஏ.எம்.ஈ." என்று இன்னொரு பக்கம், இரண்டும் ஒன்றுதான் என்பது போல அச்சடித்திருந்தார்கள். ஒன்று இல்லை. ஏரோநாட்டிக்கல் பி.இ. விமானத்தை வடிவமைக்கும் படிப்பு. அந்தப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு விமானத்தைப் "பறக்கலாம்" என்று கையெழுத்துப் போட்டு அனுப்ப முடியாது. அந்தக் கையெழுத்துக்கு டி.ஜி.சி.ஏ. (மத்திய அரசின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) தரும் விமானப் பராமரிப்புப் பொறியாளர் லைசென்ஸ் வேண்டும், சுருக்கமாக ஏ.எம்.ஈ. அதற்கான படிப்பில் சேர பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் இருந்தால் போதும். டிப்ளமோ முடித்தவர்களும் வருகிறார்கள். டர்பைன் இன்ஜின் விமானங்களின் இயந்திரப் பகுதிக்கு பி1.1, மின்னணுக் கருவிகளுக்கு பி2 என்று பிரிவுகள். தம்பியின் கைக்கு பி1.1 பொருந்தும் என்று தோன்றுகிறது.

இதில் பெற்றோர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கல்லூரி கொடுப்பது படிப்பு முடித்த சான்றிதழ்தான், லைசென்ஸ் இல்லை. லைசென்ஸுக்கு டி.ஜி.சி.ஏ.வின் தேர்வுகளைத் தாள் தாளாகப் பாஸ் செய்ய வேண்டும், மின்சாரத்தில் தொடங்கிச் சட்டம், மனிதத் தவறுகள் வரை பத்துக்கு மேல் தாள்கள் உண்டு. பறக்கும் நிலையில் உள்ள விமானங்களில் வேலை செய்த அனுபவம் லாக்புக்கில் ஏற வேண்டும், அங்கீகரிக்கப்பட்ட படிப்பை முடித்தவருக்கே இரண்டு வருடம். லைசென்ஸ் வந்தாலும் ஏ320, 737 என்று அந்தந்த ரக விமானத்துக்குத் தனிப் பயிற்சி முடித்து, வேலை பார்க்கும் நிறுவனமும் அனுமதி கொடுத்த பிறகுதான் பேனாவைத் திறக்கலாம். அதுவரை டெக்னீஷியன், அதாவது நீங்கள் சொல்லும் மெக்கானிக். வேலை இவர் செய்வார், கையெழுத்து ஏ.எம்.ஈ. போடுவார். எனக்குத் தெரிந்த ஒரு பையன் படிப்பை முடித்து மூன்று வருடமாக இரண்டு தாளில் மாட்டிக்கொண்டு நிற்கிறான். வீட்டில் நகை பேங்கில் இருக்கிறது. சேர்க்கும்போது "நூறு சதவீத வேலை" என்றவர்கள் இப்போது போனை எடுப்பதில்லை.

ஆகவே பணம் கட்டும் முன் மூன்றே விஷயம் கேளுங்கள். டி.ஜி.சி.ஏ.வின் சி.ஏ.ஆர். 147 (பராமரிப்புப் பயிற்சி நிறுவனங்களுக்கான விதி) அங்கீகாரம் இருக்கிறதா, எந்தப் பிரிவுக்கு? பட்டியல் டி.ஜி.சி.ஏ.வின் இணையதளத்திலேயே இருக்கிறது, நோட்டீஸை நம்ப வேண்டாம். நேரடி விமானப் பராமரிப்புப் பயிற்சி எந்த நிறுவனத்தில், எழுத்தில் தருவார்களா? போன வருடம் முடித்தவர்களில் எத்தனை பேர் எல்லாத் தாளும் பாஸ்? மூன்றாவது கேள்விக்கு முகம் மாறினால் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள். வளாகத்தில் நிற்கும் பழைய விமானத்தின் முன்னால் போட்டோ எடுத்துக்கொள்வதில் தப்பில்லை, அதைப் பார்த்து மயங்க வேண்டாம்.

வேலை எங்கே என்றால், சென்னை விமான நிலையம் மட்டும் இல்லை. நம் ஓசூரிலேயே பராமரிப்புக் கூடம் இருக்கிறது. பெங்களூரில் எச்.ஏ.எல்., ஹைதராபாத்தில் ஜி.எம்.ஆர்., திருவனந்தபுரத்திலும் நாக்பூரிலும் ஏ.ஐ.இ.எஸ்.எல். என்ற நிறுவனங்களின் கூடங்கள் என்று தென்னிந்தியாவையும் அதை ஒட்டியும் இடங்கள் உண்டு. முதல் சில வருடம் ராத்திரி ஷிஃப்டும் வெயிலும் மழையும்தான். ஏசி வேலை என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.

தேர்வு முடிந்து சேர்க்கை வரை கையில் நான்கு மாதம் இருக்கிறது. கோச்சிங் எதுவும் வேண்டாம், உங்கள் பட்டறையே போதும். எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளவு காட்டும் ஒரு டார்க் ரெஞ்ச் வாங்கிக் கொடுங்கள். சிலிண்டர் ஹெட் போல்ட்டைக் கை உணர்வில் இறுக்காமல், கம்பெனி சர்வீஸ் மேனுவலில் போட்டிருக்கும் அளவுக்கு இறுக்கட்டும். வெர்னியரில் அளந்து எழுதட்டும். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பக்கம்: எதைக் கழற்றினான், எந்த பார்ட் நம்பர் போட்டான், எந்த அளவுக்கு இறுக்கினான், தேதி, கையெழுத்து. முடிந்தால் லாக் ஒயர் கட்டக் கற்றுக்கொள்ளட்டும். இரண்டு போல்ட் தலையில் துளை வழியாக மெல்லிய கம்பியை விட்டு முறுக்கிக் கட்டுவது. ஒரு போல்ட் கழலப் பார்த்தால் கம்பி மற்றதை இறுக்கும் பக்கம் இழுக்க வேண்டும். முதல் பத்து முறை திசை மாறிப் போகும், பரவாயில்லை.

அப்புறம் சுவரில் ஒரு பலகை அடித்து, ஒவ்வொரு ஸ்பேனரின் உருவத்தையும் பெயின்ட்டில் வரைந்து மாட்டச் சொல்லுங்கள். ராத்திரி ஷட்டர் இறக்கும் முன் எண்ண வேண்டும். ஒன்று குறைந்தாலும், அன்று டெலிவரி போன வண்டியைத் திரும்பக் கூப்பிட்டாவது கண்டுபிடித்த பிறகே வீட்டுக்கு. ஹேங்கரில் அப்படித்தான், ஒரு ஸ்க்ரூடிரைவர் காணாமல் போனால் விமானம் கிளம்பாது. முதல் வாரமே உங்கள் 10ஆம் நம்பர் ஸ்பேனர் தொலையும், எல்லாப் பட்டறையிலும் அதுதான் தொலையும். கோபப்படாமல் அவனோடு சேர்ந்து தேடுங்கள்.

அடுத்த மாதம் வரும்போது அந்த நோட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். நோட்டீஸ் வேண்டாம்.