கொல்லன் குடிசையில் கிடக்கும் வேல்

அன்புள்ள ஐயா,

தர்மபுரியில் முதுகலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நுகர்வுக் கலாச்சாரத்தைச் சாடும் கவிதைகள் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். பொருளியல் அறிஞர் வெப்லன், ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் இருவரையும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். தமிழில் இந்தப் போக்கு 1991-ல் பொருளாதாரத் தாராளமயம் வந்த பிறகுதான் தொடங்குகிறது, சங்க இலக்கியத்தில் தேட வேண்டியதில்லை என்கிறார் எங்கள் பேராசிரியர். இது சரியா? எங்கள் ஊர் மக்களும் இந்த மோகத்துக்கு அடிமையாகிவிட்டார்கள். என் அம்மாவே தவணையில் மிக்சி வாங்கி, அதற்கு உறை தைத்துப் போட்டு வைத்திருக்கிறார். கவிதையால் இதை மாற்ற முடியுமா?

அரூரிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

அம்மாவைப் பற்றிய அந்த வரி இல்லாமல் இருந்திருந்தால் சுருக்கமாகப் பதில் எழுதி முடித்திருப்பேன். அது என்னைச் சுட்டது.

விடியலில் எழுந்து ஆட்டுக்கல்லில் மாவாட்டி, அம்மியில் மிளகாய் அரைத்து, அந்தக் கையெரிச்சலோடு களைவெட்டப் போன பெண்கள் நம் மாவட்டம் முழுக்க இருக்கிறார்கள். அப்படி ஒருவர் வீட்டுக்கு மிக்சி வந்தால் அது மோகமா? மாதாமாதம் பணம் கட்டிய பொருளில் தூசி படக் கூடாதென்று பழைய புடவையைக் கிழித்து உறை தைக்கிறார். அடிமை என்ற சொல்லை அவர்மேல் போட உங்களுக்கு என்ன உரிமை? நுகர்வை எதிர்க்கக் கிளம்பும் கவிதைகளில் பாதி இந்த இடத்தில்தான் கெட்டுப்போகின்றன. விற்கிறவனை விட்டுவிட்டு வாங்குகிறவரைத் திட்டுகின்றன. வெப்லன் 1899-ல் பகட்டு நுகர்வு என்று பெயர் வைத்துச் சாடியது உழைக்காமல் உண்ட பணக்கார வர்க்கத்தை. வேர்ட்ஸ்வொர்த் 1807-ல் வெளியிட்ட பதினான்கு வரிக் கவிதையில், சேர்ப்பதிலும் செலவழிப்பதிலும் நம் ஆற்றலைப் பாழாக்குகிறோம் என்று தன்னையும் சேர்த்துத்தான் எழுதினார். இருவரையும் படித்திருக்கிறீர்கள். அவர்கள் யாரைக் குறை சொன்னார்கள் என்று கவனிக்கவில்லை.

சங்க இலக்கியத்தில் தேட வேண்டியதில்லை என்பதை அதியமான் ஆண்ட தகடூரில், அதாவது இன்றைய தர்மபுரியில், உட்கார்ந்துகொண்டு எழுதியிருக்கிறீர்கள்! புறநானூற்றின் 95-ஆம் பாட்டை எடுங்கள். அதியமானுக்காகத் தூது போன ஔவைக்கு, அவனுடைய பகையரசன் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். 'இவ்வே, பீலி அணிந்து, மாலை சூட்டி' என்று தொடங்குகிறார் ஔவை. உன் வேல்கள் மயிற்பீலியும் மாலையுமாக, காம்பு திருத்தி, நெய் பூசி, காவலுள்ள பெரிய மனையில் இருக்கின்றன. அதியமானுடையவை பகைவரைக் குத்தி நுனி சிதைந்து, 'கொல்துறைக் குற்றில மாதோ'. கொல்லனின் சின்னக் குடிசையில் கிடக்கின்றன.

புகழ்வதுபோல் இகழ்ந்தார் என்று வகுப்பில் ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு அது போதவில்லை. வேல் மனிதரைக் குத்தியது என்பது உறுத்தத்தான் செய்கிறது. ஆனாலும் ஔவையின் கண் போகும் இடத்தைப் பாருங்கள். அலங்கரித்து அடுக்கிய கொட்டிலுக்குள் நின்றுகொண்டு, பழுதுபார்க்கப் போயிருக்கும் பொருளை நினைக்கிறார். அடுத்த வரியிலேயே அந்த வேலின் சொந்தக்காரன் எப்படிப்பட்டவன் என்கிறார்: 'உண்டாயின் பதம் கொடுத்து, இல்லாயின் உடன் உண்ணும்'. இருந்தால் சோறு கொடுப்பான், குறைவாக இருந்தால் எல்லோரோடும் சேர்ந்து உட்கார்ந்து உண்பான். தேய்ந்த பொருளையும் பகிர்ந்த சோற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

கொல்லன் குடிசை என்றாலே எனக்குப் பாப்பாரப்பட்டிப் பக்கம் இருந்த எங்கள் கிராமத்துப் பட்டறைதான். ஆடி மழைக்கு முன்னால் கொழுவையும் களைக்கொத்துகளையும் கோணியில் சுற்றி என் தலையில் ஏற்றி அனுப்புவார் அப்பா. துருத்தி இழுப்பது பையன்கள் வேலை. கூலி அறுவடையின்போது களத்துமேட்டில் வள்ளக் கணக்கில் கேழ்வரகு. அந்த அளவு கொல்லருக்கு நியாயமாக இருந்ததென்று சொல்ல மாட்டேன். அவர் பிள்ளைகள் ஓசூருக்கு வேலைக்குப் போனது சரிதான். அம்மாவின் கருக்கரிவாள் வருடாவருடம் தட்டித் தட்டி மூன்றாம் பிறைபோல் இளைத்துவிட்டது. ஒருமுறை அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "இதில் இனிக் கருக்கு நிற்காது சாமி, கறிக்கத்தி ஆக்கித் தருகிறேன்" என்றார். அந்தக் கத்தியில் அம்மா இருபது வருடம் கத்தரிக்காய் அரிந்தார். மரப்பிடியில் அவர் கட்டைவிரல் பதியும் இடம் குழிந்திருக்கும். இப்போது என்னிடம் இருக்கிறது. என் விரல் அந்தக் குழியில் சரியாகப் பொருந்துவதில்லை.

1932-ல் அமெரிக்காவில் பெர்னார்ட் லண்டன் என்பவர் ஒரு சிறு நூல் எழுதினார். செருப்புக்கும் வீட்டுக்கும் இயந்திரத்துக்கும் அரசே ஆயுள் குறிக்க வேண்டும், அது முடிந்ததும் சட்டப்படி செத்ததாக அறிவித்து அழித்துவிட வேண்டும், பொருளாதார மந்தம் நீங்க அதுவே வழி என்றார். அரசு கேட்கவில்லை. பல்பு கம்பெனிகள் அவருக்கு முன்பே வழி கண்டுவிட்டிருந்தன. 1924-ல் ஜெனீவாவில் கூட்டு சேர்ந்து, பல்பின் ஆயுளை ஆயிரம் மணி நேரத்துக்குக் குறைத்தன. அதைவிட நீடித்து எரியும் பல்பு செய்தவருக்கு அபராதமும் போட்டன. ஔவையின் பாட்டுக்கு எதிர்ப்பாட்டு இதுதான். உங்கள் கட்டுரையில் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

போன மாதம் என் மிக்சியில் ஜாரைச் சுழற்றும் கப்ளர் தேய்ந்துபோனது. அந்த மாடல் நின்றுவிட்டது, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள் சேவை மையத்தில். தர்மபுரியில் ஒரு சந்துக்குள், இரண்டு பேர் நின்றால் நிறைந்துவிடும் கடையில், ஒரு பெரியவர் பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்துத் தேடி, வேறொரு மிக்சியின் கப்ளரை எடுத்து, அரத்தால் ராவி மாட்டிக் கொடுத்தார். கேட்டது அறுபது ரூபாய். பளபளக்கும் கடைகளைத் திட்டும் கவிதைகள் எனக்கு மாதம் பத்து வருகின்றன. அந்தக் கடைக்குள் நுழைந்து பார்த்த கவிதை ஒன்றுகூட வரவில்லை.

கவிதையால் மாற்ற முடியுமா என்பதற்கு இன்னொரு நாள் எழுதுகிறேன். 1991-க்குப் பிறகு கடைகளும் பெருகின, அவற்றைப் பற்றிய கவிதைகளும் பெருகின. அதைத் தாராளமாக எழுதுங்கள். அம்மாவைப் பற்றிய வரி கட்டுரையிலும் இருந்தால் இன்றே அடித்துவிடுங்கள். மிக்சிக்கான கடைசித் தவணையை எந்த மாதம் கட்டினார் என்று அவரிடம் கேளுங்கள். அவருக்கு நினைவிருக்கும்.