டூட்டி முடிந்தும் மெஷின் சத்தமா?

கேள்வி: ஓசூர் சிப்காட்டில் இரும்புத் தகடு அடிக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை செய்கிறேன். ஐன்ஸ்டுர்ட்சென்டே நொய்பாவ்டென் என்ற ஜெர்மன் பேண்டைக் கேட்டுப்பார் என்று நண்பர் சொன்னார். முதல் ஆல்பம் 'கொலாப்ஸ்' போட்டேன், மூன்று பாட்டுக்கு மேல் முடியவில்லை. "டூட்டி முடிஞ்சும் மெஷின் சத்தமா?" என்று ரூமில் கிண்டல் வேறு. போனஸ் வந்ததும் ஒரே ஒரு சிடி வாங்கலாம் என்றிருக்கிறேன். எதை வாங்குவது? இல்லை, இது எனக்கு ஒத்துவராதா?
- ஒரு வாசகர், ஓசூர்

பதில்: மூன்று பாட்டு தாங்கினீர்களே, அதுவே பெரிய விஷயம். நான் ஒன்றரைப் பாட்டில் நிறுத்தியவன். அந்த சிடி இரண்டு வருடம் எங்கள் வீட்டு அலமாரியில் மின்சார பில்களுக்கு அடியில் கிடந்தது.

எந்த பேண்டாக இருந்தாலும் முதல் ஆல்பத்திலிருந்து வரிசையாகக் கேட்க வேண்டும் என்று யாரோ நமக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள், இவர்கள் விஷயத்தில் அது உதவாது. 'கொலாப்ஸ்' 1981-ல் வந்தது. அதற்கு முந்தைய வருடம்தான் மேற்கு பெர்லினில் பேண்டையே ஆரம்பித்தார்கள். பேண்டில் டிரம்ஸ் வாசித்த உன்ரு, கையில் காசில்லாமல் தன் டிரம் செட்டை விற்றுவிட்டு பழைய இரும்பைத் தட்ட ஆரம்பித்தவர். நெடுஞ்சாலைப் பாலத்துக்கு உள்ளே இருந்த இடுக்கில் புகுந்து ஒலிப்பதிவு செய்தவர்கள் இவர்கள். நம் ஓசூர் மேம்பாலத்துக்குள் புகுந்து தகரத்தைத் தட்டினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பேண்டின் பெயருக்கே 'இடிந்து விழும் புதுக் கட்டடங்கள்' என்று அர்த்தம். அந்தக் கோபத்தில் செய்த ஆல்பம், காதுக்கு இதமாக இருக்க வேண்டும் என்று அவர்கள் நினைக்கவே இல்லை.

நீங்கள் வாங்க வேண்டியது 2000-ல் வந்த 'சைலன்ஸ் இஸ் செக்சி'. தீவிர ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள், இரும்பு அடிப்பதில் பேர்போன எஃப்.எம். ஐன்ஹைட் அதற்குள் விலகிப் போய்விட்டார், இது சாதுவான ஆல்பம் என்பார்கள். வரட்டும். எட்டு மணி நேரம் பிரஸ் பக்கத்தில் நிற்கிற ஆளுக்கு இரும்புச் சத்தத்தைப் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. சத்தத்துக்கு நடுவே இடைவெளி விட்டால் என்ன ஆகும் என்பதுதான் இந்த ஆல்பத்தில் இருக்கிறது. தலைப்புப் பாட்டில் பாடகர் பிளிக்ஸா பார்கெல்ட் சிகரெட்டைப் பற்றவைத்து இழுப்பது வரை கேட்கும், அப்புறம் ஒன்றுமே இருக்காது, சிடி நின்றுவிட்டதோ என்று எழுந்து போய்ப் பார்ப்பீர்கள். நம் ஊர் அம்மன் திருவிழாவில் பம்பைக்காரர் சட்டென்று கையை நிறுத்துவாரே, கூட்டமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்குமே, அந்த மாதிரி. 'ரெடுக்ட்' என்று பத்து நிமிடப் பாட்டு ஒன்று உண்டு. கிட்டத்தட்ட கிசுகிசுப்பாகப் போய்க்கொண்டிருக்கும், கேட்கவில்லையே என்று வால்யூமைக் கூட்டினீர்களோ, மாட்டிக்கொண்டீர்கள். பெர்லின் சுவர் போனபிறகு அந்த ஊரில் எழும்பிய புதுக் கட்டடங்களைப் பார்த்துப் பாடிய பாட்டும் இதில்தான் இருக்கிறது. பாகலூர் ரோட்டில் வருடத்துக்கு வருடம் வளர்ந்துகொண்டே போகிற அபார்ட்மென்ட்களைப் பார்க்கிற உங்களுக்கு ஜெர்மன் தெரியாவிட்டாலும் அந்தச் சோகம் பிடிபடும் என்று நினைக்கிறேன்.

ஒரு விஷயம் மட்டும் கேளுங்கள். ஷிஃப்ட் முடிந்து வந்த கையோடு இதை ஹெட்போனில் போடாதீர்கள். அந்த நேரத்தில் காது மந்தமாகத்தான் இருக்கும், வால்யூமைக் கூட்டிக்கொண்டே போகச் சொல்லும், ஏற்கெனவே களைத்த காதுக்கு அது கெடுதல். வார லீவு அன்று விடியற்காலை, ரோட்டில் லாரி குறைவாக இருக்கும்போது ஸ்பீக்கரில் போடுங்கள். வேலையில் இயர் பிளக் கொடுத்திருப்பார்களே, அதைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு சுற்றாமல் காதில் போட்டுக்கொள்ளுங்கள் (எனக்கும் முன்னொரு காலத்தில் பாக்கெட்டில்தான் இருந்தது, இப்போது வலது காது கொஞ்சம் மக்கர்).

சிடி வாங்கும் முன் நெட்டில் ஒருமுறை முழுசாகக் கேட்டுவிடுங்கள், போனஸ் காசு சும்மா வரவில்லை. பிடித்திருந்தால் அடுத்தது 1985-ன் 'ஹால்பர் மென்ஷ்'. அப்புறம் 'கொலாப்ஸ்' பக்கம் திரும்புங்கள், அப்போது அந்த இரும்பு வேறு மாதிரி கேட்கும். எனக்கு அப்படித்தான் ஆனது, பில்களைத் தள்ளிவிட்டு சிடியைத் தேடி எடுத்தேன்.

'ஹால்பர் மென்ஷ்' போடும்போது மட்டும் ரூமில் எல்லாரும் இருக்கிற நேரமாகப் பாருங்கள். அதன் தலைப்புப் பாட்டில் இரும்பும் கிடையாது, டிரில்லும் கிடையாது, ஆரம்பம் முதல் கடைசி வரை வெறும் மனிதக் குரல்கள்தான். அதைக் கேட்டுவிட்டு மெஷின் சத்தம் என்று யார் சொல்கிறார்கள் என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.