மாரிபோசா தோப்பு: ராட்சச செக்கோயாக்களைப் பற்றிக் கேள்வி பதில்

கே: சார், அமெரிக்காவில் கலிபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குப் போகிறோம். கன அளவில் உலகிலேயே பெரிய மரமான ஜெனரல் ஷெர்மன் அங்கேதானே?

ப: இல்லை. அது தெற்கே, செக்கோயா தேசியப் பூங்காவில். நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள். யோசெமிட்டியில் நீங்கள் பார்க்க வேண்டியது மாரிபோசா தோப்பு. முதிர்ந்த செக்கோயா மரங்களே 500-க்கு மேல். அங்குள்ள கிரிஸ்லி ஜெயன்ட் என்ற மரத்துக்கு வயது ஏறக்குறைய 3,000.

கே: அரை நாள்தான் இருக்கிறது. எந்தப் பாதை?

ப: கிரிஸ்லி ஜெயன்ட் சுற்று: 2 மைல், 300 அடி ஏற்றம், இரண்டு மணி நேரம் போதும். கார்டியன்ஸ் சுற்று 6.5 மைல், 1,200 அடி ஏற்றம். அதற்கு நாலைந்து மணி நேரம் வேண்டும். தெற்கு வாயிலில் காரை விட்டுவிட்டு ஷட்டில் பேருந்தில் போங்கள், தண்ணீரைக் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள். தோப்பின் அடிப்பகுதியே 5,600 அடி உயரம், மூச்சு வாங்கும். கடைசி ஷட்டில் எப்போது என்று ஏறும்போதே கேட்டு வையுங்கள். தவறவிட்டால் இன்னும் 2 மைல் நடை. குளிர்காலத்தில் ஷட்டிலே ஓடாது, அப்போது போகவும் வரவும் அந்த 2 மைலைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

கே: அம்மாவுக்கு முட்டி வலி.

ப: பிக் ட்ரீஸ் சுற்று 0.3 மைல்தான், சமதளம், சக்கர நாற்காலியும் போகும். விழுந்து கிடக்கும் ஃபாலன் மோனார்க் என்ற மரத்தை அங்கேயே பார்க்கலாம்.

கே: கார் நுழைந்து போகும் மரம் இன்னும் இருக்கிறதா?

ப: 1881-ல் குடைந்த வவோனா மரம் 1969-ல் பனியின் பாரம் தாங்காமல் விழுந்துவிட்டது. 1895-ல் குடைந்த கலிபோர்னியா டனல் மரம் நிற்கிறது, நடந்துதான் நுழையலாம். இத்தனைக்கும் 1864-லேயே லிங்கன் கையெழுத்திட்ட சட்டம் இந்தத் தோப்பைக் காக்கச் சொல்லியிருந்தது! கேலன் கிளார்க் என்பவரைக் காவலராகவும் வைத்தார்கள். அந்தக் காலத்தில் காப்பது என்றால் வெட்டி விற்காமல் இருப்பது, அவ்வளவுதான்.

கே: மரத்தைத் தொடக்கூட விடாமல் ஏன் வேலி?

ப: இவ்வளவு பெரிய மரத்துக்கு ஆணிவேர் கிடையாது. வேர்கள் சில அடி ஆழத்திலேயே நின்று, பக்கவாட்டில் 100 அடிக்கு மேல் பரவும். ஆயிரக்கணக்கான கால்கள் மிதித்தால் மண் இறுகி நீர் இறங்காது. 2015 முதல் 2018 வரை தோப்பை மூடி வாகன நிறுத்தத்தையும் தார்ச்சாலையையும் பெயர்த்ததும் இதற்காகத்தான்: ஓடைநீர் பழையபடி வேர்களுக்குப் போக வேண்டும்.

கே: தீ இந்த மரங்களுக்கு நல்லது என்கிறார்கள், தீயால் அழிகின்றன என்றும் சொல்கிறார்கள். எது சரி?

ப: இரண்டும். பட்டை 2 அடி வரை தடிமன், பிசினும் கிடையாது, அதனால் தரையோடு ஊரும் தீ ஒன்றும் செய்யாது. அதன் வெப்பத்தில்தான் மூடிய காய்கள் விரிந்து, சருகு எரிந்த வெறும் மண்ணில் விதை விழுந்து முளைக்கும். நூறாண்டாகத் தீயை அணைத்தே வந்ததில் இடையிடையே ஃபர் மரங்கள் நெருங்கி வளர்ந்தன. அவை ஏணி மாதிரி; தீ அவற்றில் ஏறி உச்சிக் கிளையைப் பிடித்தால் செக்கோயாவும் பிழைக்காது. 2020-ல் காசில் என்ற காட்டுத்தீயில் ஆயிரக்கணக்கான பெரிய மரங்கள் இப்படித்தான் செத்தன. 2022-ல் வாஷ்பர்ன் காட்டுத்தீ மாரிபோசாவுக்குள்ளேயே வந்தும் தோப்பு தப்பியதற்கு, முன்பே திட்டமிட்டு எரித்துச் சருகைக் குறைத்திருந்தது முக்கியக் காரணம்.

கே: பாதையோரம் ஒரு அடி நீளக் காய் கிடக்குமாமே, ஒன்று எடுத்து வரலாமா?

ப: எதையும் எடுக்கக் கூடாது, சட்டப்படி குற்றம். அது செக்கோயாக் காயும் அல்ல, சுகர் பைன் என்ற வேறொரு மரத்தின் காய். செக்கோயாவின் காய் கோழிமுட்டை அளவுதான்.