போர்ச்சுகலில் விடுமுறை வீடு எடுத்துத் தங்கும்போது உள்ளூர் உணவை நன்றாக அனுபவிக்க எப்படித் தயாராக வேண்டும்?

வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது கடற்கரை எவ்வளவு தொலைவு என்று பார்ப்பதற்கு முன்னால், மீன் சந்தை எவ்வளவு தொலைவு என்று பாருங்கள். லண்டனில் வசிக்கும் நாங்கள் வரும் செப்டம்பரில் குடும்பத்தோடு தெற்குப் போர்ச்சுகலின் அல்கார்வே பகுதியிலுள்ள ஒல்யாவ் நகருக்குச் செல்கிறோம்; சந்தைக்கு நடந்தே போகலாம் என்ற ஒரே காரணத்துக்காக அந்த வீட்டைப் பதிவு செய்தோம்.

ஒல்யாவில் நீர்க்கரையை ஒட்டி, செங்கல்லால் கட்டிய இரண்டு சந்தைக் கட்டடங்கள் 1916ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகின்றன. ஒன்று முழுக்க மீனுக்கு. மற்றொன்றில் காய்கறி, பழம், இறைச்சி. சனிக்கிழமை காலையில் சுற்றுவட்டார விவசாயிகளும் வெளியே கடை விரிப்பதால், அத்திப்பழம், பாதாம், தேன் எல்லாம் விளைவித்தவர்களிடமே கிடைக்கும். ஞாயிறன்று சந்தைக்கு விடுமுறை, திங்களன்று மீன் வரத்து குறைவு என்பதால், சனிக்கிழமை மாலையில் போய் இறங்கினால் முதல் இரண்டு நாட்கள் வீணாகிவிடும். வெள்ளிக்கிழமையே சென்று சேரும்படி விமானச் சீட்டு எடுங்கள்.

என் மனம் இப்போதே மட்டியில்தான் இருக்கிறது. நகரின் எதிரே விரிந்திருக்கும் ரியா ஃபோர்மோசா காயலில் வளரும் அந்த மட்டியை ஆலிவ் எண்ணெய், பூண்டு, எலுமிச்சை, கைநிறைய மல்லித்தழை சேர்த்து, ஓடு திறக்கும் வரை மட்டும் வேகவைப்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கவிஞரான புல்யாவ் பாத்துவின் பெயரால் வழங்கும் இந்த உணவை, பச்சை மல்லியோடு வளர்ந்த நம் நாக்கு முதல் வாயிலேயே ஏற்றுக்கொள்ளும். வீட்டில் செய்வதானால், மட்டியைச் சில மணி நேரம் உப்புநீரில் போட்டு வைத்து மணலைக் கக்கவிடுவது அவசியம். மூடியோடு கூடிய அகலமான பாத்திரம் இருக்கிறதா என்று வீட்டு உரிமையாளரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது மத்தி. கோடையில் கொழுப்பேறிய மத்தியைக் கல்லுப்பு மட்டும் தூவிக் கரியடுப்பில் சுட்டு, ரொட்டித் துண்டின் மேல் வைத்து உண்பது அங்கே வழக்கம். செப்டம்பரிலும் அதன் சுவை குறைவதில்லை. பல விடுமுறை வீடுகளின் முற்றத்தில் கரியடுப்பு இருக்கும். ஆனால் காட்டுத்தீ அபாயம் மிகுந்த நாட்களில் ஊருக்கு வெளியே திறந்தவெளியில் நெருப்பு மூட்டத் தடை விதிப்பார்கள் என்பதால், தோட்ட வீடு எடுப்பவர்கள் இதையும் விசாரித்துக்கொள்வது நல்லது.

பக்கல்யாவ் எனப்படும் காட் மீன் கருவாட்டைச் சமைக்க விரும்பினால் பொறுமை வேண்டும். கனமான துண்டுகளைக் குளிர்பதனப் பெட்டியில் ஓரிரு நாட்கள் ஊறவைத்து, பலமுறை நீரை மாற்ற வேண்டும். நேரமில்லாதவர்களுக்கு, ஏற்கெனவே ஊறவைத்து உறையவைத்த துண்டுகள் பேரங்காடிகளில் கிடைக்கும்.

மீன் வரத்து குறைந்த திங்கட்கிழமைக்கு, அல்புஃபெய்ரா அருகிலுள்ள கீயா என்ற சிற்றூருக்குச் செல்வதாகத் திட்டமிட்டிருக்கிறோம். பிரி பிரி மிளகாய் தடவிச் சுட்ட கோழிக்குப் பெயர் பெற்ற ஊர் அது. உணவகங்களில் நீங்கள் கேட்காமலே ரொட்டி, ஆலிவ், பாலாடைக்கட்டி ஆகியவற்றை மேசையில் வைப்பார்கள். தொட்டால்தான் கட்டணம், வேண்டாமென்றால் தயங்காமல் திருப்பி அனுப்பலாம். இரவு உணவை ஏழரை மணிக்கு மேல்தான் பரிமாறத் தொடங்குவார்கள் என்பதால், குழந்தைகளுக்கு மாலையில் ஏதாவது கொடுத்துவிட வேண்டும்.

பெட்டியில் அதிகம் வைக்க வேண்டியதில்லை. பிரிட்டனிலிருந்து செல்பவர்கள் இறைச்சியோ பால் பொருட்களோ கொண்டுபோக ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை. வாடகை வீடுகளில் கத்தி பெரும்பாலும் மழுங்கியே இருக்கும் என்பதால், ஒரு நல்ல கத்தியை உறையிட்டு, விமானத்தில் ஏற்றிவிடும் பெட்டிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள்தூளையும் மிளகாய்த்தூளையும் இந்த முறை வீட்டிலேயே விட்டுச் செல்வதென்று நாங்கள் முடிவு செய்திருக்கிறோம்.