பக்கத்து வீட்டு ரிமோட்டுக்கு நம் வீட்டு ஃபேன் ஏன் கட்டுப்படுகிறது?

கேள்வி இதுதான்: எதிர் ஃபிளாட்டில் ரிமோட்டை அழுத்தினால் எங்கள் ஃபேன் நிற்கிறது. அவர்கள் வீட்டு காலிங் பெல்லை யாராவது அழுத்தினால் எங்கள் ஹாலிலும் பாட்டு வருகிறது. சில நேரம் கீழே கார் கேட் ரிமோட் வேலையே செய்வதில்லை. எல்லாம் ஒரே கோளாறா? எப்படிச் சரிசெய்வது?

ஒரே கோளாறு கிடையாது. கேட் மோட்டாரும் ரிமோட்டும் பொருத்துகிற தொழிலில் இருப்பவன் என்பதால் இந்தப் புகார் எனக்கு அடிக்கடி வரும். வந்தவுடன் நான் கேட்பது ஒன்றுதான்: பொருள் தானாக இயங்குகிறதா, இல்லை இயங்க மறுக்கிறதா? தானாக இயங்கினால் இரண்டு வீட்டுக்கும் ஒரே கோட், அதாவது ரிமோட் அனுப்பும் அடையாள எண், இருக்கிறது. இயங்க மறுத்தால் கோட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வேறு ஏதோ ஒன்று அதே அலைவரிசையில் கத்திக்கொண்டிருக்கிறது. உங்கள் ஃபேனும் பெல்லும் முதல் வகை. கேட் அநேகமாக இரண்டாவது வகை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

அதற்கு முன்னால் கையிலிருக்கும் ரிமோட் எந்த இனம் என்று பார்த்துவிடுங்கள். போனில் செல்ஃபி கேமராவைத் திறந்து, ரிமோட்டின் முனையைக் காட்டிப் பட்டனை அழுத்துங்கள். திரையில் வெளிர் ஊதாவாக ஒரு புள்ளி மினுக்கினால் அது அகச்சிவப்பு ரிமோட். (பின்பக்கக் கேமராவில் பல போன்கள் இந்த ஒளியை வடிகட்டிவிடும், அதனால்தான் செல்ஃபி கேமரா.) இந்த ஒளி சுவரைத் தாண்டாது. டிவி, ஏசி, செட்டாப் பாக்ஸ் ரிமோட்களில் பெரும்பாலானவை இந்த இனம். ஒரே கம்பெனி ஃபேன் இரண்டை ஒரே அறையில் மாட்டினால் ஒரு ரிமோட்டுக்கு இரண்டும் ஓடும், அவ்வளவுதான். எதிர் வீட்டுக்காரர் அதைக் கொண்டு உங்கள் ஃபேனை நிறுத்த வேண்டுமானால் இரண்டு கதவும் திறந்திருந்து, ரிமோட் நேராக உங்கள் ஃபேனைப் பார்க்க வேண்டும். எதிரெதிர் வாசல் உள்ள ஃபிளாட்டுகளில் அதுவும் நடப்பது உண்டு. கதவைச் சாத்திவிட்டுச் சோதித்தால் தெரிந்துவிடும்.

புள்ளி தெரியாமல், சுவருக்கு அந்தப் பக்கம் நின்று அழுத்தினாலும் வேலை செய்தால் அது ரேடியோ ரிமோட். இந்தியாவில் விற்கும் கேட் ரிமோட், வயர்லெஸ் காலிங் பெல், ரேடியோ வகை ஃபேன் ரிமோட்டுகளில் நிறைய 433.92 மெகாஹெர்ட்ஸில் ஓடுகின்றன. 433 முதல் 434 மெகாஹெர்ட்ஸ் வரை லைசென்ஸ் தேவையில்லை, சக்தி 10 மில்லிவாட்டுக்குள் இருக்க வேண்டும். அந்தச் சலுகையோடு ஒரு நிபந்தனையும் உண்டு: நீ யாருக்கும் இடையூறு செய்யக் கூடாது, உனக்கு இடையூறு வந்தால் பாதுகாப்பும் கேட்கக் கூடாது. அமெரிக்காவிலும் இதே கதைதான். 2004-இல் ஃப்ளோரிடாவில் எக்ளின் விமானப்படைத் தளத்தில் புதிய ராணுவ ரேடியோவைச் சோதித்தபோது சுற்றுவட்டாரத்தில் கராஜ் கதவு ரிமோட்டுகள் வேலை செய்யாமல் போயின. இரண்டும் 390 மெகாஹெர்ட்ஸ் பக்கம். அந்த அலைவரிசை ராணுவத்துக்கு ஒதுக்கியது என்பதால், மாற்றிக்கொள்ள வேண்டியவர்கள் கதவு வைத்திருந்தவர்கள்தான்.

சுவரைத் தாண்டுகிற இந்தத் தொல்லை நேற்று வந்ததும் இல்லை. டிவி ரிமோட் உருவான காலத்திலேயே தெரிந்த விஷயம். 1955-இல் அமெரிக்காவின் ஜெனித் கம்பெனி ஃபிளாஷ்-மேட்டிக் என்று ஒன்றை விட்டது. டார்ச் மாதிரி ஒளியை டிவியின் மூலைகளில் அடிக்க வேண்டும். வெயில் பட்டாலே சேனல் மாறியது. சரி, ரேடியோவில் செய்யலாமா என்று யோசித்தவர்கள், அடுத்த ஃபிளாட்டு டிவியும் சேர்ந்து மாறும் என்பதால் அதைக் கைவிட்டார்கள். 1956-இல் ராபர்ட் ஆட்லர் வடிவமைத்த ஸ்பேஸ் கமாண்ட் வந்தது. உள்ளே அலுமினியத் தண்டுகள், பட்டனை அழுத்தினால் ஒரு சிறு சுத்தி தண்டைத் தட்டும், காதுக்குக் கேட்காத ஒலி கிளம்பும். செல்லே கிடையாது. ஒலி சுவருக்குள் அடங்கியது, ஆனால் சாவிக்கொத்து குலுங்கினாலும் சேனல் மாறியது. அப்புறம் 1980களில் அகச்சிவப்பு வந்து அந்த இடத்தைப் பிடித்தது. டிவிக்காரர்கள் அன்றைக்கே வேண்டாம் என்று ஒதுக்கியதை, இன்று ஃபேனுக்கும் பெல்லுக்கும் மலிவு என்பதால் கொண்டுவந்துவிட்டோம்.

இப்போது உங்கள் பெல். வயர்லெஸ் பெல்லில் அலைவரிசை எல்லோருக்கும் ஒன்றுதான், உங்கள் வீட்டையும் என் வீட்டையும் பிரித்துக் காட்டுவது அதில் ஏறி வரும் கோட். பழைய ரிமோட்டுகளில் பிடி2262 என்ற சிப் இருக்கும். அதன் எட்டு முகவரிப் பின்களில் ஒவ்வொன்றையும் பிளஸ்ஸில் சேர்க்கலாம், கிரவுண்டில் சேர்க்கலாம், சும்மாவும் விடலாம். ஆக 6,561 வகையான கோட் சாத்தியம். ஆனால் ஃபேக்டரியில் யார் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் மாற்றிச் சால்டர் வைப்பது? எட்டையும் சும்மா விட்டு அப்படியே பெட்டியில் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். ஆயிரம் பூட்டு செய்து எல்லாவற்றுக்கும் ஒரே சாவி போட்ட கதை. ஒரே கடையில் வாங்கிய இரண்டு பெல் ஒன்றுக்கொன்று அடிப்பதில் ஆச்சரியமே இல்லை.

இதைச் சரிசெய்ய ரிமோட்டைத் திறந்தால் போர்டில் மூன்று வரிசைப் புள்ளிகள் தெரியும், ஓரத்தில் எல் (கிரவுண்ட்), எச் (பிளஸ்) என்ற எழுத்துகள் இருக்கும். நடு வரிசையில் ஏதாவது ஒன்றிரண்டு புள்ளிகளை எல் அல்லது எச் பக்கம் சால்டரால் இணையுங்கள். ஒரே புள்ளியை இரண்டு பக்கமும் இணைத்துவிடாதீர்கள், பிளஸ்ஸும் கிரவுண்டும் ஷார்ட் ஆகிவிடும். வீட்டுக்குள் பாட்டுப் பாடும் பெட்டியில் உள்ள ரிசீவர் போர்டிலும் அச்சு அசலாக அதையே செய்ய வேண்டும், அவ்வளவுதான். சால்டரிங் அயர்ன் இல்லாவிட்டால் தெருமுனை டிவி மெக்கானிக்குக்குப் பத்து நிமிட வேலை. சில மாடல்களில் சால்டருக்குப் பதில் குட்டி சுவிட்சுகள் வரிசையாக இருக்கும், அதை நகர்த்தினாலே போதும். அமெரிக்காவில் விற்ற ரிமோட் ஃபேன்கள் பலவற்றில் இப்படி நாலே நாலு சுவிட்சுதான், மொத்தம் 16 கோட். அங்கேயும் யாரும் மாற்றாமல் மாட்டிவிட்டு, நள்ளிரவில் லைட் தானாக எரிகிறது என்று பேய்க்கதை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

புதிய பெல்களிலும் கேட் ரிமோட்டுகளிலும் இவி1527 மாதிரியான சிப் வருகிறது. ஒவ்வொரு சிப்பிலும் ஃபேக்டரியிலேயே ஒரு எண் பதிந்திருக்கும், பத்து லட்சத்துக்கு மேல் வாய்ப்பு. ரிசீவரில் உள்ள லேர்ன் பட்டனை அழுத்தி ரிமோட்டை ஒரு தடவை அழுத்தினால் அந்த எண்ணை ரிசீவர் நினைவில் வைத்துக்கொள்ளும். இதில் ஒரே எண் தற்செயலாக அமைவது அபூர்வம். ஆனாலும் பக்கத்து வீட்டு ரிமோட்டுக்கு உங்கள் கருவி ஓடுகிறது என்றால் நான் சந்தேகப்படுவது இரண்டு காரணங்களை. ஒன்று, நீங்கள் லேர்ன் பட்டனை அழுத்தி வைத்திருந்த நேரத்தில் அவர்கள் ரிமோட்டை அழுத்தியிருப்பார்கள். குடிவந்த புதிதில் எல்லோரும் ஒரே வாரத்தில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுகிற புது அபார்ட்மெண்டில் இது நடக்கும். இன்னொன்று காப்பி ரிமோட். சாவிக்கடையில் நகல் எடுத்துத் தரும் ஏ, பி, சி, டி போட்ட ரிமோட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நகல் எடுக்கும் முன் பழைய பதிவை அழிக்க வேண்டும், பல மாடல்களில் மேல் இரண்டு பட்டன்களையும் சேர்த்து அழுத்திப் பிடிப்பது அதற்குத்தான். கடைக்காரர் அதைச் செய்யாமல் ஒரு பட்டனில் மட்டும் அவர்கள் கோட்டை ஏற்றினால், மற்ற பட்டன்களில் முன்பு ஏற்றிய உங்கள் கோட் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

காப்பி ரிமோட்தான் காரணம் என்றால் அந்த ரிமோட்டின் பழைய பதிவை அழிக்க வேண்டும். முதல் காரணம் என்றால் ரிசீவரின் லேர்ன் பட்டனை, அதன் விளக்கு அணையும் வரை, அழுத்திப் பிடியுங்கள். பதிந்த ரிமோட்டுகள் எல்லாம் அழிந்துவிடும். பிறகு உங்கள் வீட்டு ரிமோட்டுகளை மட்டும் மறுபடி சேருங்கள். பொதுக் கேட்டாக இருந்தால் செக்யூரிட்டியிடமும் சங்கத்திலும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், இல்லாவிட்டால் சாயங்காலம் ஆபீஸிலிருந்து திரும்புகிறவர்கள் அத்தனை பேரும் வெளியே ஹாரன் அடிப்பார்கள்.

ரேடியோ வகை ஃபேனில் லேர்ன் பட்டன் வெளியே இருக்காது. சுவர் சுவிட்சை ஆஃப் செய்து ஆன் செய்த சில விநாடிகளுக்குள் ரிமோட்டில் ஒரு குறிப்பிட்ட பட்டனை அழுத்திப் பிடித்தால் ஃபேன் அந்த ரிமோட்டைப் புதிதாக ஏற்றுக்கொள்ளும். எந்தப் பட்டன் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கூட வந்த தாளில் இருக்கும். இதைச் செய்யும்போது எதிர் வீட்டு ரிமோட்டை யாரும் தொடாமல் இருக்க வேண்டும். அதனால் கதவைத் தட்டி, ‘அஞ்சு நிமிஷம் ரிமோட்டைத் தொடாதீங்க’ என்று சொல்லிவிடுவது நல்லது. அவர்கள் நம்பவில்லை என்றால் கூப்பிட்டு வந்து ஹாலில் நிற்கவைத்து, அவர்கள் பிள்ளையை அங்கிருந்து அழுத்தச் சொல்லுங்கள். பழைய ஃபேனுக்கு மேலே கப்புக்குள் தனி ரிசீவர் வைத்திருந்தால், கப்பை இறக்குவதற்கு முன் சுவர் சுவிட்சை மட்டும் நம்பாமல் மெயின் போர்டில் இருக்கும் எம்.சி.பி. சுவிட்சை இறக்கிவிடுங்கள்.

இனி கேட். அழுத்தினால் வேலை செய்யவில்லை என்றால் முதலில் ரிமோட் செல்லை மாற்றுங்கள். இந்த ரிமோட்டுகளில் வரும் 12 வோல்ட் குட்டி செல் தளர்ந்தால் ரேஞ்ச்தான் முதலில் போகும். அடுத்து ரிசீவர் ஆன்டெனா. 433 மெகாஹெர்ட்ஸுக்கு அந்த ஒயர் சுமார் 17 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். பெட்டிக்குள் அடங்கவில்லை என்று யாராவது வெட்டியிருப்பார்கள், அல்லது மோட்டார் ஒயரோடு சுருட்டிக் கட்டியிருப்பார்கள். அதை விடுவித்து நேராக நிறுத்தினாலே பாதி கேட் புகார்கள் சரியாகிவிடும்.

அதற்கும் மசியாமல், சில நேரம் வேலை செய்து சில நேரம் செய்யாமல் இருந்தால், அதே நேரம் கார்ச் சாவி ரிமோட்டும் தடுமாறினால், பக்கத்தில் ஏதோ ஒரு கருவி விடாமல் அலை அனுப்பிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மலிவான ரிசீவர்களுக்குத் தன் அலைவரிசையை மட்டும் பிரித்துக் கேட்கத் தெரியாது, சுற்றியுள்ள எல்லாச் சத்தமும் காதில் விழும். மழைத் தண்ணீர் இறங்கிய பெல் சுவிட்ச், மேஜை டிராயரில் ஏதோ ஒன்றின் அடியில் பட்டன் அழுந்திக் கிடக்கும் ரிமோட், ரிசீவருக்குப் பக்கத்தில் மாட்டிய தரமில்லாத எல்இடி லைட், இவைதான் வழக்கமான குற்றவாளிகள். லைட்டை அணைத்துவிட்டு ரிமோட்டை அழுத்திப் பாருங்கள்.

2019-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நார்த் ஓல்ம்ஸ்டெட் என்ற ஊரில் சில தெருக்களில் மட்டும் கார்ச் சாவிகளும் கராஜ் ரிமோட்டுகளும் வாரக்கணக்கில் செத்துக் கிடந்தன. என்னென்னவோ சந்தேகப்பட்டார்கள். கடைசியில் அலை எங்கிருந்து வருகிறது என்று வீடு வீடாகத் தேடிப் போய்க் கண்டுபிடித்தது, எலக்ட்ரானிக்ஸில் ஆர்வமுள்ள ஒருவர் தன் வீட்டில் தானே செய்து வைத்திருந்த ஒரு பொருளை. மாடியில் யாராவது இருக்கிறார்களா என்று கீழே வேலை செய்யும் தனக்குத் தெரிவிப்பதற்காக அதைச் செய்திருந்தார். பேட்டரியில் ஓடும் அது 315 மெகாஹெர்ட்ஸில் விடாமல் அனுப்பிக்கொண்டே இருந்தது, அந்த நாட்டில் பல சாவிகள் வேலை செய்வது அங்கேதான். அவருக்கே அது தெரியாது. பேட்டரியை எடுத்ததும் ஊர் சரியாகிவிட்டது.

இப்படித் தேட நான் லேப்டாப்பில் செருகி ரேடியோ அலைகளைத் திரையில் பார்க்க உதவும் ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்ற விலை குறைந்த ரிசீவரை வைத்திருக்கிறேன். 433 பக்கம் திரையில் ஒரு கோடு நிற்காமல் ஓடினால் லேப்டாப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மாடி மாடியாக நடந்தால் கோடு தடிக்கிற இடத்தில் ஆள் மாட்டுவார். கருவி இல்லாதவர்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில், இந்த நேரத்திலிருந்து யார் வீட்டிலாவது புது பெல், புது சென்சார், புது லைட் வைத்தீர்களா என்று கேட்டுப் பாருங்கள். குற்றம் சாட்டுகிற தொனி இல்லாமல் கேட்டால் பதில் வரும்.

கடைசியாக, கேட்டுக்கு இப்போதிருக்கும் ரிமோட் நிரந்தரக் கோட் வகையாக இருந்தால் அதை மாற்றச் சொல்வேன். சாவிக்கடையில் நிமிடத்தில் நகல் எடுக்க முடிகிற ரிமோட்டை, வேண்டாத ஆளும் நகல் எடுக்க முடியும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் கோட் மாறும் ரோலிங் கோட் ரிசீவரும் ரிமோட்டும் தனியாகக் கிடைக்கின்றன. மோட்டாரை மாற்றத் தேவையில்லை, ரிசீவர் போர்டை மட்டும் மாற்றினால் போதும். பெல்லுக்கு இவ்வளவு தேவையில்லை. வாங்கும்போது லேர்னிங் வகையா என்று கேளுங்கள். சுவரில் ஒயர் இழுக்க வழியிருந்தால் ஒயர் பெல்லே போடுங்கள் என்பதுதான் என் கட்சி.